கீரையும் சீஸும் வைத்த ஆட்டா மாப் பை: அடிப்பகுதி ஏன் வேகாமல் ஈரமாகவே நிற்கிறது?

மூன்றாம்மாடி, வெள்ளவத்தை

அனைவருக்கும் வணக்கம். இங்கு எழுதப்படுபவற்றை நீண்ட நாட்களாக வாசித்து வருகிறேன். கேள்வி கேட்பது இதுவே முதல் தடவை. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் மரக்கறிச் சாப்பாடுதான். மாமியோ எந்த நாளிலும் முட்டையைக்கூடத் தொடமாட்டார். அவரும் சாப்பிடக்கூடிய விதமாகக் கீரை, சீஸ், தவிடு நீக்காத தானியம் ஆகிய மூன்றும் சேர்ந்த உறைப்பான பை ஒன்றை ஓவனில் வைத்து எடுத்துவிட வேண்டும் என்று மூன்று கிழமைகளாக முயன்று வருகிறேன். (முதல் நாள் "இன்றைக்குக் கீரைப் பை" என்று நான் சொன்னதும், மாமி சந்தைக்குக் கொண்டுபோகும் சீலைப் பையைத் தேடி எடுத்துத் தந்தார். இதற்குத் தமிழில் வேறு பெயர் ஒன்று வைத்தால் நல்லது.)

முதல் தடவை, 200 கிராம் ஆட்டா மாவில் 100 கிராம் பட்டரைச் சேர்த்துத் தண்ணீர் விட்டு, ரொட்டிக்குக் குழைப்பது போல நன்றாக அடித்துக் குழைத்து, உடனேயே தேய்த்து ஒன்பது அங்குலக் கேக் தட்டில் பரப்பினேன். இரண்டு கட்டுச் செங்கீரையையும் ஒரு கட்டுப் பசளியையும் அரிந்து வெங்காயத்துடன் வதக்கி, துருவிய செடார் சீஸையும் அரைக் கோப்பைப் பாலையும் கலந்து அதன்மேல் ஊற்றி, 180 பாகையில் 40 நிமிடங்கள் வைத்தேன். மேற்பக்கம் பொன்னிறமாகி, பார்க்க அழகாகத்தான் இருந்தது. துண்டு போட்டுத் தூக்கியபோது கீரை மட்டும் கரண்டியோடு வந்தது. அடியில் இருந்த மா தட்டோடு ஒட்டிய களியாக அப்படியே கிடந்தது. ஓரமோ கடித்தால் பல் நோகும் அளவுக்கு இறுகியிருந்தது. போதாக்குறைக்குச் சீஸ் முழுவதும் இளஞ்சிவப்பு நிறமாகிவிட, இது பிறந்தநாள் கேக்கா என்று மகன் கேட்டான்.

இரண்டாவது தடவை, ஆட்டாவில் பாதியைக் குறைத்துக் குரக்கன் மா சேர்த்தேன். அதைத் தேய்க்கவே முடியவில்லை. தூக்கும் இடமெல்லாம் பிளந்தது. மூன்றாவது தடவை, அடி வேகட்டும் என்று ஒரு மணித்தியாலம் முழுவதும் வைத்ததில் மேற்பக்கம் கருகியதே தவிர, அடிப்பக்கம் முன்பு இருந்தபடியே இருந்தது.

என்னிடம் இருப்பது மேசைமேல் வைக்கும் சிறிய மின்சார ஓவன். மேலும் கீழும் கம்பிகள் உண்டு. அடிப்பகுதி மொறுமொறுப்பாக வர என்ன செய்ய வேண்டும், எந்தக் கீரை பொருந்தும், முட்டை இல்லாமல் உள்ளீட்டைக் கெட்டியாக்குவது எப்படி என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் சொல்லித் தந்தால் நன்றியுடையவளாக இருப்பேன். எல்லாச் சீஸும் சைவமா என்று மாமி கேட்கிறார்; அதற்கும் என்னிடம் பதில் இல்லை. வெள்ளைக் கோதுமை மாவுக்கு மாறிவிடுங்கள் என்று மட்டும் தயவுசெய்து சொல்ல வேண்டாம். அப்படியானால் பேக்கரியில் பற்றிஸ் வாங்கிவிடலாம்.

அம்மம்மா, தெஹிவளை

அன்புள்ள பிள்ளைக்கு, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். மூன்று நாளும் உங்களுக்கு நேர்ந்தது ஒரே பிழைதான். நீங்கள் நெருப்போடு மல்லுக்கட்டியிருக்கிறீர்கள்; குற்றவாளியோ தண்ணீர். கீரையின் நிறையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் என்பதை நினைத்துப் பாருங்கள். தாச்சியில் வதக்கும்போது அதில் ஒரு பகுதி மட்டுமே வெளியேறும். மிச்சம் ஓவனின் சூட்டில் மெல்ல மெல்லக் கசிந்து, உப்புள்ள சீஸ் அதை மேலும் இழுத்துவிட, போக வேறு வழியில்லாமல் அடியில் உள்ள பச்சை மாவுக்குள் இறங்கும். நனைந்த மா அவியுமே தவிர மொறுக்காது. நீங்கள் அதன்மேல் பாலையும் ஊற்றியிருக்கிறீர்கள்.

ஆகவே கீரையிலிருந்து தொடங்குங்கள். பசளி வழவழப்பான கீரை. பருப்போடு கடைந்தால் அமிர்தம், பைக்குள் வைத்தால் பசை. செங்கீரையின் சிவப்பு தண்ணீரில் கரையும் சாயம் என்பதால் உங்கள் சீஸுக்கு அந்த நிறம் வந்ததில் வியப்பில்லை. கங்குன் தண்டு குழாயாக இருப்பதால் உள்ளே தண்ணீரை ஒளித்து வைத்துக்கொள்ளும். வல்லாரையைச் சம்பலாகப் பச்சையாய்ச் சாப்பிடுவதே அதற்கு மரியாதை. சூடேறினால் வாசம் போய்க் கசப்புத்தான் மிஞ்சும். இந்த வேலைக்கு நான் நம்புவது பொன்னாங்காணியை. வெந்த பிறகும் இலை இலையாக நிற்கும், பிழிந்தால் பிழிபடும். அதனுடன் நுவரெலியா லீக்ஸ் ஒன்று இரண்டைச் சேர்த்தால் இனிப்பும் மணமும் வரும். ஆனால் லீக்ஸை நீளவாக்கில் பிளந்து மடிப்புகளுக்குள் இருக்கும் மண்ணைக் கழுவ மறக்க வேண்டாம். ஒரு பிடி முருங்கையிலை போடலாம், அதற்கு மேல் போட்டால் கசக்கும்.

500 கிராம் கீரையைக் கொதிக்கும் உப்புத் தண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, குளிர்ந்த தண்ணீரில் அலசி, பழைய வேட்டித் துண்டு ஒன்றில் கட்டி முறுக்கிப் பிழியுங்கள். கை வலிக்கும்வரை பிழிந்து, கை ஆறியதும் இன்னொரு தடவை பிழியுங்கள். இரண்டாம் தடவை வரும் அந்தப் பச்சைத் தண்ணீர்தான் உங்கள் அடிமாவைக் கெடுத்தது. முடிவில் பெரிய தோடம்பழம் அளவில் ஓர் உருண்டை இருக்கும். அதைப் பலகையில் வைத்து அரிந்தால் கத்தி ஈரமாகக் கூடாது. லீக்ஸைத் தனியாக, மூடாமல், ஈரம் வற்றும்வரை வதக்கி, இரண்டு பல்லு உள்ளி, மிளகுத்தூள், கொஞ்சம் சாதிக்காய்த் துருவல் சேர்த்து முழுவதுமாக ஆறவிடுங்கள். சூடான உள்ளீட்டை மாவில் வைத்தால் பட்டர் அங்கேயே உருகிவிடும்.

இனித் தானியத்துக்கு வருகிறேன். தவிடு நீக்காத தானியம் என்றதும் எல்லோரும் வெளியே உள்ள மா ஓட்டை மட்டுமே நினைக்கிறார்கள். நான் உள்ளேயும் வைக்கச் சொல்வேன். கிரேக்கக் கிராமங்களில் கீரைப் பை செய்பவர்கள், கீரை விடும் தண்ணீரைக் குடிப்பதற்காக ஒரு பிடி அரிசியோ உடைத்த கோதுமையோ உள்ளே போடுவது வழக்கம். பின்லாந்தின் கரேலியப் பை கோதுமைக்கு நெருங்கிய உறவான ரை என்னும் தானியத்தின் மாவில் மெல்லிய ஓடு செய்து, நடுவே அரிசிக் கஞ்சியை வைத்துச் சுடுவது. அதன் மரபான செய்முறைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் பாதுகாப்பே கொடுத்திருக்கிறது. அரிசியை மாவுக்குள் வைத்துச் சுடுவதா என்று முகம் சுளிப்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். நம்மிடம் சிவப்புப் பச்சையரிசி இருக்கிறது. அதை முக்கால் பதத்தில் வேகவைத்து வடித்து, முதல் நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டால், மறுநாள் உதிரியாக நிற்கும் ஒரு கோப்பைச் சோறு கீரையில் எஞ்சிய ஈரத்தை எல்லாம் தனக்குள் எடுத்துக்கொண்டு மிச்சக் காற்பதத்தையும் ஓவனில் வெந்துகொள்ளும். பார்லி அரிசியும் நன்றாகச் செய்யும், ஆனால் அதற்கு வேக நேரம் அதிகம்.

மா ஓட்டில் நீங்கள் செய்த பிழை, ரொட்டிக்குப் போலக் குழைத்தது. அடித்துக் குழைக்கக் குழைக்கக் கோதுமையின் பசைத்தன்மை கூடும். ரொட்டிக்கு அது வேண்டும், பைக்கு அதுவே எதிரி. குரக்கனில் அந்தப் பசை அறவே இல்லாததால்தான் பாதிக்குப் பாதி போட்டபோது பிளந்தது. நான் போடும் அளவு 150 கிராம் ஆட்டா, 50 கிராம் குரக்கன், 50 கிராம் அவித்த கோதுமை மா. புட்டுக்கு அவித்து அரித்து வைத்திருக்கும் அதே மாதான். அவித்த மாவில் பசை இழுபடாது. அதனால் ஓடு மென்மையாக உடையும். யாழ்ப்பாணத்துச் சமையலறைகளில் அவித்த மா எப்போதும் போத்தலில் இருக்கும். இதற்கும் உதவும் என்று எனக்குத் தெரியவே பல வருடங்கள் ஆயிற்று.

இந்த 250 கிராம் மாவுக்கு 125 கிராம் பட்டரும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். பட்டர் மாவுக்குள் பயறளவுத் துண்டுகளாகத் தெரியும்போதே நிறுத்தி, ஐஸ் தண்ணீரை மேசைக்கரண்டி கணக்கில் தெளித்து, பிடித்தால் பிடிபடும் பதம் வந்ததும் கையை எடுத்துவிடுங்கள். ஐந்து மேசைக்கரண்டிக்குச் சற்று முன்பின்னாகச் செல்லும். தவிடு தண்ணீரை மெதுவாகவே குடிக்கும் என்பதால், சுற்றிக் குளிரில் அரை மணித்தியாலம் வைத்த பிறகே தேய்க்க வேண்டும். இந்த அரை மணித்தியாலத்தை விட்டுவிட்டால்தான் ஓரம் பல்லை உடைக்கும்.

தேய்த்துத் தட்டில் பரப்பிய ஓட்டை முட்கரண்டியால் குத்தி, ஓயில் பேப்பரை விரித்து, அதன்மேல் காய்ந்த கடலையை நிரப்பி 200 பாகையில் 15 நிமிடங்கள் வெறுமையாகச் சுடுங்கள். பிறகு பேப்பரையும் கடலையையும் எடுத்துவிட்டு இன்னும் எட்டு நிமிடங்கள். அந்தக் கடலையை அவித்துச் சாப்பிட முடியாது. ஒரு போத்தலில் போட்டு வைத்தால் அடுத்த பைக்கு உதவும். (என் போத்தலில் "சாப்பிடாதே" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன், அதற்குக் காரணம் ஒரு பேத்தி.) ஓடு சூடாக இருக்கும்போதே ஒரு பிடி சீஸ் துருவலை அடியில் தூவி மூன்று நிமிடங்கள் திருப்பி வைத்தால், அது உருகிப் படலமாகி ஈரம் இறங்காமல் தடுக்கும். முட்டை சாப்பிடுபவர்கள் இந்த இடத்தில் வெள்ளைக்கரு பூசுவார்கள். உங்கள் மாமிக்குச் சீஸே அந்த வேலையைச் செய்யட்டும்.

முட்டைக்குப் பதிலாக நான்கு மேசைக்கரண்டி கடலை மாவை 120 மில்லிலீற்றர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துச் சேர்க்கலாம். சீஸைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கு இருக்கிறார்கள்.

எருமைத்தயிர்

அம்மம்மா விட்டுவைத்த இடத்திலிருந்து தொடர்கிறேன். எல்லாச் சீஸும் சைவமா என்ற உங்கள் மாமியின் கேள்வி மிகவும் நியாயமானது. பலர் கேட்கத் தவறும் கேள்வியும்கூட. பாலைச் சீஸாகத் திரைய வைப்பதற்கு மரபாகப் பயன்படுத்தப்பட்ட ரெனெட் என்னும் பொருள், பால் குடிக்கும் இளங்கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது. இத்தாலியின் பார்மிஜானோ ரெஜானோ என்ற கடினச் சீஸை அந்தப் பெயரில் விற்க வேண்டுமானால் கன்றின் ரெனெட்டைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் விதி. ஆகவே கீரைப் பை பற்றிய வெளிநாட்டுச் செய்முறைகளில் அதன் பெயரைக் கண்டால், சைவம் என்று தலைப்பில் போட்டிருந்தாலும் நம்பிவிட வேண்டாம். இன்று தொழிற்சாலைகளில் செய்யப்படும் செடார் போன்ற பல சீஸ்களில் நுண்ணுயிர்களிலிருந்து பெறும் ரெனெட்டே பயன்படுகிறது. உறுதி வேண்டுமானால் பெட்டியின் பின்புறத்தை வாசிப்பதே வழி. 'சைவ உணவாளர்களுக்கு ஏற்றது' என்ற குறிப்பையோ, இந்தியப் பொதிகளில் சதுரத்துக்குள் இருக்கும் பச்சைப் புள்ளியையோ தேடுங்கள். கடையில் வெட்டிச் சுற்றிக் கொடுக்கும் துண்டுகளில் இந்த விவரம் இருக்காது. கடைக்காரரிடம் கேட்டேன், "சீஸ் என்றால் பால்தானே அக்கா" என்று முன்னால் நின்ற அம்மாவுக்குச் சொன்ன பதிலையே எனக்கும் சொன்னார்.

இந்தக் குழப்பமே வேண்டாம் என்றால், நமக்குப் பக்கத்திலேயே ஒரு வழி இருக்கிறது. மண்சட்டியில் விற்கும் எருமைத் தயிரில் ரெனெட் இல்லை, புளித்தே உறைகிறது. ஒரு சட்டித் தயிரை மெல்லிய சீலையில் கட்டி, குளிர்சாதனப் பெட்டிக்குள் ஒரு கிண்ணத்தின்மேல் இரவு முழுவதும் தொங்கவிட்டால், காலையில் கிண்ணத்தில் மஞ்சள் தண்ணீரும் சீலைக்குள் வெண்ணெய் போன்ற கெட்டித் தயிரும் இருக்கும். எருமைப் பாலில் பசுப்பாலைவிடக் கொழுப்பு அதிகம் என்பதால் அது சூட்டில் அவ்வளவு எளிதாகத் திரைந்து பிரியாது. வடித்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம். மாக் குழைக்க ஐஸ் தண்ணீருக்குப் பதிலாக அதைக் குளிரவைத்துப் பயன்படுத்திப் பாருங்கள்.

என் அளவு, 150 கிராம் கட்டித் தயிருக்கு 100 கிராம் செடார். தயிர் புளிப்பையும் மென்மையையும் தரும், செடார் உப்பையும் மணத்தையும் தரும். முக்கோணத் துண்டுகளாக வரும் பதப்படுத்திய சீஸ் எண்ணெய் கக்காமல் சீராக உருகும். ஏனென்றால் அப்படி உருகுவதற்கென்றே அதில் உப்புகள் சேர்க்கப்படுகின்றன. ஆனால் கீரையோடு சேரும்போது அதற்கென்று ஒரு குணம் இல்லாமல் போய்விடுகிறது என்பது என் கருத்து. உப்புத் தண்ணீரில் வரும் ஃபெட்டா வாங்குவதாக இருந்தால், அரை மணித்தியாலம் வெறும் தண்ணீரில் ஊறவைத்த பின் உதிர்த்துப் போடுங்கள், கீரைக்கு உப்பே போட வேண்டாம். வீட்டில் தேசிக்காய்ச் சாறு விட்டுத் திரைத்த பனீர் சைவம்தான் என்றாலும் அது உருகாது. பைக்குள் ரப்பர் போல நிற்கும்.

காலைக்கூழ்

எனக்கு இந்த ஓடு வேண்டியதே இல்லை என்று தோன்றுகிறது. வெந்த சிவப்பரிசிச் சோற்றில் கொஞ்சம் சீஸையும் கடலை மாவையும் பிசைந்து, எண்ணெய் தடவிய தட்டின் அடியிலும் ஓரத்திலும் விரலால் அழுத்தி, 20 நிமிடங்கள் வெறுமையாகச் சுட்டால் அதுவே ஓடு. பட்டரும் இல்லை, தேய்ப்பதும் இல்லை, பிளப்பதும் இல்லை. ஓரத்தில் உள்ள சோறு சட்டியின் அடிச்சோறு போல மொறுமொறுவென்று வரும். எங்கள் வீட்டில் அதற்குத்தான் சண்டை. குரக்கனைக் கூழாகக் காய்ச்சிக் குடிப்பதே அதற்கு அழகு என்பது என் பிடிவாதம். அம்மம்மா மன்னிக்க வேண்டும்.

அம்மம்மா, தெஹிவளை

மன்னித்தேன். ஆனால் அதைத் துண்டு போட்டுக் கையில் எடுத்துச் சாப்பிட முடியாது, கரண்டி வேண்டும். கையில் எடுக்க முடியாததை நான் பை என்று சொல்லமாட்டேன்.

தோசைக்கல், கொட்டாஞ்சேனை

மேலே உள்ளவர்கள் உள்ளீட்டையும் ஓட்டையும் விளக்கிவிட்டதால், நான் ஓவனைப் பற்றியும் கொழும்பின் வெக்கையைப் பற்றியும் மட்டும் எழுதுகிறேன்.

மேசை ஓவனின் குமிழில் 180 என்று திருப்பினால் உள்ளே 180 இருக்கும் என்று எண்ண வேண்டாம். ஓவனுக்குள் வைக்கும் சிறிய வெப்பமானியை வாங்கி வைத்துப் பார்த்தபோது, என் ஓவன் குமிழ் சொன்னதைவிட 25 பாகை குறைவாகவே நின்றது. கதவைத் திறந்து மூடினால் இன்னும் இறங்கியது. சின்னப் பெட்டி என்பதால் மேல்கம்பி பைக்கு மிக அருகில் இருக்கிறது; மேற்பக்கம் கருக, அடிப்பக்கம் பச்சையாக நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் ஓவனில் கீழ்க்கம்பியை மட்டும் எரியவிடும் நிலை இருந்தால், உள்ளீடு வைத்த பிறகு முதல் 15 நிமிடங்களுக்கு அதைப் பயன்படுத்திவிட்டு, பின் இரண்டு கம்பிகளையும் போட்டு 180 பாகையில் இன்னும் 25 நிமிடங்கள் விடுங்கள். மேற்பக்கம் முந்திக்கொண்டு சிவந்தால் அலுமினியத் தாளால் தளர்வாக மூடலாம்.

அடுத்ததாக, பிடியில்லாத இரும்புத் தோசைக்கல் இருக்குமானால், அதை ஓவனின் கீழ்த்தட்டில் வைத்து 20 நிமிடங்கள் நன்றாகச் சூடேற்றி, பைத் தட்டை நேரே அதன்மேல் வையுங்கள். தடித்த இரும்பு சேர்த்து வைத்திருக்கும் சூடு, ஈரம் கீழே வந்து சேர்வதற்கு முன்பே அடிமாவை இறுக்கிவிடும். பழைய போறணைகளில் செங்கல் தளத்தின்மேல் பாண் நேரே வெந்ததும் இதே முறையில்தான். இதற்கு மெல்லிய அலுமினியத் தட்டே ஏற்றது. கண்ணாடித் தட்டைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துச் சூடான கல்லின்மேல் வைத்துவிட வேண்டாம், வெடித்துவிடும். என் வீட்டில் ஒரு மாலையில் கீரையிலிருந்து கண்ணாடித் துணுக்குகளைப் பொறுக்க முயன்று, பின் எல்லாவற்றையும் குப்பையில் கொட்டினோம்.

வெக்கையைப் பொறுத்தவரை, பகலில் நம் சமையலறைகளில் 30 பாகையைத் தாண்டும். பட்டர் அந்தச் சூட்டில் நெகிழ்ந்து, சில பாகைகள் மேலே போனதும் உருகியே விடும். மாவுக்குள் பட்டர் துண்டு துண்டாக நின்றால்தான் சுடும்போது அது உருகி, அதில் இருக்கும் தண்ணீர் ஆவியாகி இடைவெளிகளை உண்டாக்கும். முன்பே உருகிவிட்டால் மா எண்ணெய் குடித்த சுண்ணாம்பு போலாகிவிடும். ஆகவே மாவையும் கிண்ணத்தையும் உறைபெட்டியில் அரை மணித்தியாலம் வைத்துவிட்டு, பட்டரை உறையவைத்துத் தேங்காய்த் துருவுவது போலப் பெரிய கண் துருவியில் நேரே மாவுக்குள் துருவுங்கள். உள்ளங்கையால் தொடாமல் விரல் நுனியால் மட்டும் கலக்க வேண்டும். காலை ஆறு மணிக்குச் செய்தால் பாதி வேலை மிச்சம். தேங்காய் எண்ணெயில் செய்யலாமா என்று யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். அது 24, 25 பாகையிலேயே உருகிவிடும், நுவரெலியாவில் போத்தலுக்குள் உறைந்து நிற்கும் அதே எண்ணெய் கொழும்பில் தண்ணீராக ஓடும்.

இன்னொன்று. குரக்கன் சேர்த்த ஓடு பச்சையாக இருக்கும்போதே மண்ணிறமாக இருப்பதால், பொன்னிறம் வந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. ஓரம் தட்டிலிருந்து மயிரிழை அளவு விலகி, விரலால் தட்டினால் காய்ந்த சத்தம் கேட்க வேண்டும். வறுத்த மாவின் வாசமும் வரும். கருகிய வாசம் வந்தால் நேரம் கடந்துவிட்டது.

மூன்றாம்மாடி, வெள்ளவத்தை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று வெள்ளிக்கிழமை, அம்மம்மா சொன்ன அளவிலேயே ஓட்டைச் செய்து, பொன்னாங்காணியும் லீக்ஸும் வைத்தேன். கீரையை இரண்டாம் தடவை பிழிந்தபோது அரைக் கோப்பைக்குக் கிட்டத் தண்ணீர் வந்ததைக் கண்டு எனக்கே வெட்கமாகிவிட்டது. முதல் மூன்று கிழமைகளும் அதை உள்ளேயே வைத்துச் சுட்டிருக்கிறேன். தயிரைத் தொங்கவிட இடமில்லாமல், குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டுக் கம்பியில் கட்டிவிட்டேன்; இரவில் தண்ணீர் எடுக்கப் போன கணவர் அதை என்னவென்று தெரியாமல் அவிழ்த்துப் பார்த்ததைத் தவிர வேறு சேதம் இல்லை. தோசைக்கல்லும் சூடேற்றி வைத்தேன்.

துண்டு போட்டபோது கத்தி அடியில் பட்ட சத்தம் கேட்டது. முதல் துண்டு அடிமாவோடு முழுதாக எழும்பி வந்தது. கீழே திருப்பிப் பார்த்தால் தோசைக்கல் பட்ட வட்டம் சற்றுக் கறுத்தும், சுற்றிலும் நல்ல மண்ணிறமாகவும் இருந்தது. சிவப்பரிசி கீரைக்கு நடுவே தனித்தனியாகத் தெரிந்தது. மாமி முதலில் ஓடு கருகிவிட்டதென்று ஓரத்தைக் கிள்ளி ஒதுக்கி வைத்தார்; குரக்கன் என்று சொன்ன பிறகு ஒதுக்கியதையும் எடுத்துச் சாப்பிட்டு, தேசிக்காய் ஊறுகாயோடு இரண்டாவது துண்டும் கேட்டார்.

ஒரே ஒரு குறை. ஓரத்துத் துண்டுகளில் தெரியாத பச்சைக் கடலை மாவின் வாசம், நடுத்துண்டில் இலேசாக இருந்தது. நேரத்தைக் கூட்டினால் ஓரம் அதிகமாகிவிடும் என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

அம்மம்மா, தெஹிவளை

பிழை என்னுடையது, சொல்ல மறந்துவிட்டேன். கரைத்த கடலை மாவை அப்படியே ஊற்றாமல், சின்னத் தாச்சியில் விட்டு மெல்லிய நெருப்பில் கைவிடாமல் துழாவுங்கள். நான்கு ஐந்து நிமிடங்களில் அது கூழ் போலத் தடித்து, பச்சை வாசம் போய், கரண்டியின் பின்புறத்தில் படியும். இறக்கி நன்றாக ஆறவிட்டுத் தயிரோடு அடித்துக் கலந்த பிறகே கீரையைச் சேர்க்க வேண்டும். இப்படிச் செய்தால் ஓவனுக்கு அதை வேகவைக்கும் பொறுப்பு இல்லை. இறுக்கும் பொறுப்பு மட்டுமே. ஓவனிலிருந்து எடுத்ததும் வெட்டாமல் 20 நிமிடங்கள் ஆறவிடுங்கள், நடுப்பகுதி இறுகுவது அந்த நேரத்தில்தான்.

சோறும் பாலும் உள்ள உள்ளீடு என்பதால், நம் வெக்கையில் இரண்டு மணித்தியாலங்களுக்கு மேல் மேசையில் வைக்க வேண்டாம். மிச்சத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் மைக்ரோவேவில் சூடாக்காமல் அதே தோசைக்கல்லில் மெல்லிய நெருப்பில் மூடி வைத்துச் சூடாக்குங்கள். ஓரத்தைக் கிள்ளி ஒதுக்கிய மாமிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.